வீடு ஒழுகுது, வாடகை நிலுவையில்: வன்னியில் வீட்டுக்காரருடன் வரும் தகராறைக் கையாள முழு வழிகாட்டி

"கூரையைத் திருத்தித் தரும்வரைக்கும் ஒரு சதமும் தரமாட்டன்." வன்னியில் வாடகைச் சண்டைகள் அனேகமாக இந்த ஒரு வசனத்தில்தான் தொடங்குகின்றன. கார்த்திகை மழைக்கு முகடு ஒழுகும். வீட்டுக்காரர் நாளைக்கு, நாளையின்றைக்கு என்பார். குடியிருப்பவர் கோபத்தில் வாடகையை நிறுத்துவார். மாசி, பங்குனியில் வீட்டுக்காரர் நாலு மாத நிலுவையோடு வந்து நிற்பார். அப்போது மழையும் இல்லை, ஒழுக்கும் இல்லை. கையில் கடதாசி வைத்திருப்பவர் வீட்டுக்காரர் மட்டும்தான்.

நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், பேசாமல் வாடகையை நிறுத்திவிட்டு அதே வீட்டில் இருப்பது உங்களைத்தான் பலவீனமாக்கும். முதலில் எழுத்தில் அறிவியுங்கள். பிறகு அவசியமானதைத் திருத்துங்கள். அதன் பிறகு கணக்குக் காட்டிக் கழியுங்கள். மீதியைக் கட்டாயம் கட்டுங்கள். இந்த ஒழுங்கு மாறினால் பிணக்கு உங்கள் கையை விட்டுப் போய்விடும். ஏற்கெனவே நிலுவை ஏறியிருந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கே இந்த ஒழுங்குக்கு வரலாம்.

முதலில்: உங்கள் வாடகை எந்த வகை

இலங்கையில் வாடகைக்கென்று 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இருக்கிறது. வாடகைப் பிணக்குகளைப் பார்க்கும் வாடகைச் சபை என்ற ஒன்றும் அதில் உண்டு. கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது "வாடகைச் சபைக்குப் போ" என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார். இங்கே அது பெரும்பாலும் உதவாது. 1980இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புதிதாகக் கட்டப்பட்ட வீடுகள் அந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்று நிற்கும் வீடுகளில் மிகப் பல 2009க்குப் பிறகு எழும்பியவை. வவுனியா, மன்னார் நகரங்களில் பழைய கட்டடம் ஒன்றில் பல காலமாக இருப்பவர் என்றால் மட்டும் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. அந்தச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மூன்று மாத வாடகை நிலுவையானால், அதையே காரணமாக்கி வெளியேற்ற வழக்குப் போடலாம்.

மற்றவர்களுக்குப் பொருந்துவது ஒப்பந்தமும், அதன் பின்னணியில் நிற்கும், ஒல்லாந்தர் காலத்தில் வந்த பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டமும்தான். அதன் சாரம் இது. வீட்டுக்காரர் வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் ஒப்படைத்து, அப்படியே வைத்திருக்க வேண்டும். குடியிருப்பவர் வாடகை கட்ட வேண்டும், வீட்டைப் பாழாக்கக் கூடாது. வீட்டுக்காரர் அறிவித்தலுக்குப் பிறகும் அவசியத் திருத்தத்தைச் செய்யாவிட்டால், குடியிருப்பவர் நியாயமான செலவில் தானே செய்து வாடகையில் கழிக்கலாம். வீட்டின் ஒரு பகுதி பாவிக்க முடியாமல் போனால் அந்த அளவுக்கு வாடகைக் குறைப்பும் கேட்கலாம். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் "சிறு திருத்தங்கள் குடியிருப்பவரின் பொறுப்பு" என்று எழுதியிருந்தால் அந்த வசனம்தான் முந்தும். எனவே அதை எடுத்து ஒருமுறை முழுதாக வாசியுங்கள்.

ஒப்பந்தம் என்றதும் இன்னொன்று. எங்கள் பக்கம் முத்திரை ஒட்டிய ஒரு தாளில் "இரண்டு வருடத்துக்கு" என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டு விடுவார்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். அப்படி இல்லாத தாள், இரண்டு வருடம் இருக்கும் உரிமையைத் தராது. நீங்கள் மாத வாடகைக்காரர், ஒரு முழு மாத அறிவித்தலோடு உங்களை எழும்பச் சொல்லலாம். அதற்காக அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள். வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, எப்போது வந்தீர்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி.

வீட்டுத்திட்ட வீடு, பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) என்றால் கவனம். இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபா மானியத்தில், 550 சதுர அடி அளவில் கட்டப்பட்ட வீடுகள் பல இன்று வாடகைக்குப் போகின்றன. காணிக்குப் பெர்மிட் மட்டும் இருந்தால், அதைப் பிறர் கையில் கொடுக்க நிபந்தனைகள் இருக்கலாம். இதைப் பிடித்துக்கொண்டு "காணியே உங்களுடையது இல்லை, பிறகென்ன வாடகை" என்று சிலர் வாதாடப் பார்ப்பார்கள். அது எடுபடாது. சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவுப்படி, ஒருவரிடம் வாடகைக்கு வந்தவர், அந்த வாடகை நடக்கும் காலத்தில், தொடக்கத்தில் அவருக்கு உரித்து இருந்ததை மறுக்க முடியாது. பழுதைப் பற்றிப் பேசுங்கள், காணி உறுதியைப் பற்றிப் பேசாதீர்கள்.

எது பழுது, எது மனக்குறை

வாடகையில் கைவைக்கத் தக்க பழுதுகள் சில: ஒழுகும் கூரை, கறையான் தின்று தொங்கும், ஓடு தாங்கும் சிலாகை, தொட்டால் அடிக்கும் வயரிங், இடிந்த அல்லது நிரம்பி வழியும் மலசலகூடக் குழி, கட்டு இடிந்து அழுக்கு இறங்கும் கிணறு, விரிந்துகொண்டே போகும் சுவர் வெடிப்பு.

பெயின்ற் மங்கியது, வேலி சரிந்தது, பைப் வாஷர் தேய்ந்தது, பல்ப் எரிந்தது எல்லாம் அதற்குள் வராது. குடியிருக்க வரும்போதே கண்ணுக்குத் தெரிந்த குறையை ஏற்றுக்கொண்டு வந்திருந்தால், பிறகு அதைச் சொல்லி வாடகை குறைக்கக் கேட்பதும் கடினம். சித்திரை வெயிலில் வீடு பார்த்து வந்தவருக்குக் கூரை ஒழுக்கு தெரிந்திருக்க நியாயமில்லை, அது வேறு கதை. வெள்ளமும் வேறு. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்ததுபோன்ற வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தால் அது வீட்டுக்காரரின் குற்றமல்ல. ஆனால் வீட்டில் இருக்க முடியாமல் போன நாட்களுக்கு வாடகை குறைக்கக் கேட்கலாம், தண்ணீர் வடிந்த பிறகு உடைந்ததைத் திருத்தும் கடமையும் அவருக்கு வரும்.

சாட்சியம்: மழை பெய்யும்போதே

ஒழுக்கை வெயிலில் படமெடுத்துப் பயனில்லை. மழை பெய்யும்போது எடுங்கள். ஒரே ஓட்டமாக வீடியோ எடுப்பது நல்லது: வாசலில் தொடங்கி, வீட்டைக் காட்டி, அறைக்குள் போய், நனைந்த மெத்தை, கீழே வைத்த பேசின், அதில் விழும் துளி, அப்படியே மேலே நிமிர்த்தி உடைந்த ஓடு. எந்த வீடு, எந்த அறை என்ற கேள்விக்கே இடமிருக்காது. அந்த வீடியோவை வெட்டி ஒட்டாமல் அப்படியே வைத்திருங்கள், ஒரு பிரதியை இன்னொருவரின் தொலைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது மேசன். வாயால் சொல்லும் மதிப்பு உதவாது. என்ன வேலை, எத்தனை ஓடு, எத்தனை அடி சிலாகை, சீற் என்றால் எத்தனை, கூலி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கத்தோடு ஒப்பம் வாங்குங்கள். முடிந்தால் இரண்டு மேசன்மாரிடம் வாங்குங்கள். ஒருவரே உங்கள் மச்சானாக இருந்தால் மற்றவர் கட்டாயம் வேண்டும்.

மலசலகூடம், கிணறு, நுளம்பு பெருகும் தேங்குநீர் பற்றிய பழுது என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யிடம் எழுத்தில் முறையிடுங்கள். அவர் வந்து பார்த்து எழுதும் குறிப்பு, நீங்கள் எடுக்கும் நூறு படத்துக்குச் சமன். கிராம அலுவலரான ஜி.எஸ்.ஸுக்கும் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். வாடகையைத் தீர்ப்பது அவருடைய வேலை இல்லை. ஆனால் இன்ன திகதியில் நீங்கள் முறையிட்டீர்கள் என்பது பதிவாகிவிடும்.

வைபர், வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். "ஓம் தம்பி, ஓடு உடைஞ்சிருக்கெண்டு எனக்குத் தெரியும், தைக்குப் பிறகு பாப்பம்" என்று வீட்டுக்காரர் சொன்ன ஒரு பதிவு போதும், அவருக்குத் தெரியாது என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கடிதம்

எல்லாவற்றிலும் பெரியது இதுதான். சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே எழுதலாம். கோபத்தை வைக்காமல் திகதியையும் தொகையையும் வையுங்கள். மாதிரிக்கு:

"ஐயா, கனகபுரத்திலுள்ள உங்கள் வீட்டில் மாதம் 18,000 ரூபா வாடகைக்குக் குடியிருக்கிறேன். நவம்பர் 24ஆம் திகதி முதல் நடு அறையிலும் குசினியிலும் கூரை ஒழுகுகிறது. முகட்டோடுகள் உடைந்துள்ளன, இரண்டு சிலாகைகளைக் கறையான் அரித்துள்ளது. நடு அறையைப் பாவிக்க முடியவில்லை. நவம்பர் 26, டிசம்பர் 4 ஆகிய திகதிகளில் வைபரில் உங்களுக்கு அறிவித்தேன். மேசனின் மதிப்பீடு 41,500 ரூபா, பிரதி இணைத்துள்ளேன். நவம்பர் மாத வாடகை நிலுவையில் இருப்பதை நான் மறுக்கவில்லை. அதில் 10,000 ரூபாவை இன்று உங்கள் கணக்கில் இட்டுள்ளேன். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் கூரையைத் திருத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறினால் அவசியமான கூரை வேலையை மட்டும் நானே செய்வித்து, பற்றுச்சீட்டின்படியான செலவை வாடகையில் கழித்து, மீதியை உங்களுக்குச் செலுத்துவேன். நீங்களே மேசன் ஒருவரை அனுப்புவதானால் எந்த நாளிலும் வீட்டைத் திறந்து விடுவேன்."

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். "வேலை செய்ய ஆள் அனுப்பினேன், வீட்டுக்குள் விடவில்லை" என்பது வீட்டுக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். நிலுவையை ஒப்புக்கொள்ளும் வசனத்தையும் சிலர் எழுதப் பயப்படுவார்கள். அந்தத் தொகை எப்படியும் வெளியே வரத்தான் போகிறது. நீங்களே சொன்னால், ஏமாற்ற நினைக்காதவர் என்பது அதே தாளில் தெரியும்.

பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகம் தரும் துண்டைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வையுங்கள். அதே கடிதத்தைப் படமெடுத்து வைபரிலும் அனுப்புங்கள்.

திருத்தமும் கணக்கும்

14 நாள் போயும் ஆள் வரவில்லை. சரி, இனி நீங்கள் செய்யலாம். ஆனால் கடிதத்தில் சொன்ன வேலையை மட்டும். முகடு திருத்தப் போய், கூடவே விறாந்தைக்கு மாபிளும் பதித்துவிட்டு அதையும் கழிக்கக் கூடாது. மின்சாரம் ஆளைக் கொல்லும் அளவில் பழுது என்றால் 14 நாள் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். உடனே மெயினை நிறுத்தி, வீட்டுக்காரருக்கு அறிவித்துவிட்டு, அன்றைக்கே செய்வியுங்கள்.

ஹாட்வெயார் கடையில் உங்கள் பெயரும் திகதியும் போட்ட பில் கேளுங்கள். மேசனுக்குக் கூலி கொடுக்கும்போது ஒப்பம் வாங்குங்கள். கழற்றிய உடைந்த ஓட்டையும் அரித்த சிலாகையையும் எறியாமல் வளவின் மூலையில் அடுக்கி வையுங்கள்.

இப்போது கணக்கு. மேலே சொன்ன வீட்டையே எடுப்போம். நவம்பர் முதல் பெப்ரவரி வரை நாலு மாதம், மொத்தம் 72,000 ரூபா. கட்டியது 10,000. கூரை வேலைக்குப் போனது 41,500. வீட்டில் இரண்டு அறை, விறாந்தை, குசினி. டிசம்பரும் ஜனவரியும் ஒரு அறை முழுதாகப் பாவிக்க முடியவில்லை. எனவே மாத வாடகையில் நாலில் ஒன்று, 4,500 வீதம் இரண்டு மாதத்துக்கு 9,000 குறைப்புக் கேட்கிறீர்கள். மீதி 11,500 ரூபா. இந்த 11,500ஐ வங்கியில் போட்டுவிட்டு, கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். வேலைச் செலவுக்குப் பில் இருக்கிறது, அதைப் பற்றி வாதாடுவது குறைவு. அறைக்கான 9,000 நீங்கள் கேட்பது மட்டுமே. வீட்டுக்காரர் 5,000 என்பார், பேசித் தீர்க்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். நாலு மாத நிலுவைச் சண்டை நாலாயிரம் ரூபாச் சண்டையாகச் சுருங்கிவிட்டது.

முற்பணத்தைப் பற்றி ஒரு சொல். "முற்பணத்தில் கழியுங்கோ" என்று சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். முற்பணம் மாதாமாதம் கழியும் பணமா, வீட்டை விடும்போது திரும்பி வரும் பணமா என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் கழியுங்கள்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் என்றால்

எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் இது. வீடு கனடாவில் இருக்கும் அண்ணருடையது, திறப்புத் தந்தது இங்கே இருக்கும் தங்கச்சி, வாடகை வாங்குவது அவருடைய மருமகன். பழுது என்றால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். வாடகை என்றால் மூன்று பேரும் கேட்பார்கள்.

வாடகை வாங்குபவரிடம், சொந்தக்காரருக்காகச் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தின் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால், இன்னாரிடம் வாடகையைக் கொடுக்கவும் என்று சொந்தக்காரர் அனுப்பிய ஒரு செய்தியாவது வேண்டும். கடிதத்தைச் சொந்தக்காரருக்கும் வாடகை வாங்குபவருக்கும் அனுப்புங்கள். கையில் காசு கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட்டு வங்கிக் கணக்கில் போடுங்கள், குறிப்பில் மாதத்தையும் எழுதுங்கள். இத்தனை நாளும் கையில் கொடுத்து, பற்றுச்சீட்டும் வாங்காதவர், "நவம்பர் வரை கொடுத்து முடித்துவிட்டேன், சரிதானே அக்கா?" என்று ஒரு செய்தி அனுப்பிப் பதிலை வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருப்பவரோடு நேரே ஒருமுறை வீடியோ அழைப்பில் பேசிப் பாருங்கள். உள்ளூர்ப் பொறுப்பாளர் பழுதை அவருக்குச் சொல்லாமலே விட்டிருப்பார் என்பது பல இடங்களில் அப்போதுதான் தெரியவரும்.

கரண்டை வெட்டினால், பூட்டுப் போட்டால்

நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டுக்காரர் உங்களை வெளியே தள்ள முடியாது, சாமானைத் தூக்கி முற்றத்தில் போடவும் முடியாது. மின் கணக்கு அவருடைய பெயரில் இருப்பதால், பில்லைக் கட்டவிடாமல் செய்து இணைப்பைத் துண்டிக்க வைப்பதும் நடக்கும். மின்சாரம், தண்ணீர் பில்களை நீங்களே நேரே கட்டி அந்தத் துண்டுகளை வைத்திருங்கள்.

பொலிஸ் நிலையத்துக்கு வீட்டுக்காரர் முதலில் போனால் பயப்படாதீர்கள். கூப்பிட்டால் போங்கள், உங்கள் கடதாசிகளையும் கொண்டு போங்கள். வாடகைக் கணக்கைத் தீர்ப்பது பொலிஸின் வேலை இல்லை. "ஒரு கிழமையில் எழும்புகிறேன்" என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி நெருக்கினால், சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டு வாருங்கள். அங்கே வைக்கும் ஒப்பம் பிறகு உங்களையே சுற்றும்.

பலவந்தமாக வெளியேற்றிவிட்டால் அன்றைக்கே முறைப்பாடு போடுங்கள். அமைதி குலையக்கூடிய நிலை இருந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப உள்ளே விட நீதிமன்றம் கட்டளையிடலாம். எனவே ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள் என்று மூன்று மாதம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

இணக்க சபை

பேசித் தீராவிட்டால் அடுத்த படி இதுதான், என் கணிப்பில் பெரும்பாலான வாடகைத் தகராறுகளுக்குக் கடைசிப் படியும் இதுவாகவே இருக்கலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த, பிணக்குகளைப் பேசி இணக்கும் மத்தியஸ்த சபை. பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலை போன்ற பொது இடத்தில் கூடும். சட்டத்தரணிகள் அங்கே தோன்ற முடியாது. அது உங்களுக்கு நல்லது, வீட்டுக்காரரிடம் காசு இருப்பது அங்கே செல்லுபடியாகாது. மத்தியஸ்தரைத் தெரிவதில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. நீங்களே விண்ணப்பிக்கலாம், வீட்டுக்காரர் போடும்வரை இருக்கத் தேவையில்லை.

அங்கே கதையை நீட்ட வேண்டாம். கடிதம், தபால் துண்டு, மேசனின் மதிப்பீடு, பில்கள், வங்கித் துண்டுகள், ஒரு பக்கக் கணக்கு. இவ்வளவையும் திகதி வரிசையில் அடுக்கி, ஒரு பிரதியை அவர்கள் முன்னால் வையுங்கள். இணக்கம் வந்தால் "வாடகையைப் பார்த்துக் கொடுப்பது, வீட்டைப் பார்த்துத் திருத்துவது" என்று எழுதவிடாதீர்கள். எவ்வளவு, எந்தத் திகதியில், எந்தக் கணக்கில், எந்த வேலை, யார் செலவில் என்று எழுதச் சொல்லுங்கள். இணக்கம் வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பணத் தகராறுகளை அது இல்லாமல் நீதிமன்றம் எடுக்காது.

நீதிமன்றக் கடதாசி வந்தால்

மாவட்ட நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் அதைப் பார்க்காததுபோல் இருப்பது மட்டும் கூடாது. குறிப்பாக, நொத்தாரிசு எழுதிய குத்தகை என்றால், 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வீட்டை மீளப் பெறச் சுருக்கமான வழி ஒன்றைத் தந்திருக்கிறது. அங்கே நாட்கள் வேகமாக ஓடும். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் இலவசமாகச் சட்டத்தரணியைக் கேட்கலாம். பழைய வாடகை நிலுவை என்று ஆறேழு வருடக் கணக்கோடு யாராவது வந்தால், சட்டத்தரணியிடம் காலவரையறையைக் கேளுங்கள். 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகைப் பணத்துக்குப் பொதுவாக மூன்று வருடம்தான். நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தக் கணக்கு மாறலாம், எனவே பழைய நிலுவைக்குக் கேட்டறியாமல் பதில் எழுத வேண்டாம்.

வீட்டை விட்டுப் போவதானால்

பழுது திருந்தப் போவதில்லை, வீட்டுக்காரருக்கும் மனமில்லை என்று தெரிந்தால், அடுத்த மாரிக்கு முன் வேறு வீடு பார்ப்பதே புத்தி. ஒரு முழு மாத அறிவித்தலை எழுத்தில் கொடுங்கள். போகும் நாளில் ஒவ்வொரு அறையையும் கூட்டித் துடைத்து வீடியோ எடுங்கள், மின், நீர் மானி வாசிப்பையும் எடுங்கள். திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக்காரரின் கையில் கொடுத்து, "இன்ன திகதியில் திறப்பைப் பெற்றுக்கொண்டேன், வாடகை மீதி இவ்வளவு, முற்பணத்தில் திருப்ப வேண்டியது இவ்வளவு" என்று இரண்டு பிரதி எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். அவர் வாங்க மறுத்தால் ஒரு சாட்சியோடு போய், மறுத்ததைக் குறித்து, அன்றைக்கே வைபரிலும் பதிவுத் தபாலிலும் அறிவித்துவிடுங்கள். திறப்பு உங்கள் கையில் இருக்கும்வரை வாடகை ஓடுகிறது என்று அவர் சொல்ல அதன்பிறகு இடமில்லை.